சீருடையும் நீச்சல் குளமும்: காவல்துறையில் நீச்சல் வீரர்கள் பற்றி ஒரு மறு ஆய்வு

2021 ஜூன் 26 அன்று ரோம் நகரில் நடந்த செத்தே கொல்லி நீச்சல் போட்டியில், 200 மீட்டர் பட்டர்ஃபிளை பிரிவை 1 நிமிடம் 56.38 நொடியில் நீந்தி முடித்தார் சாஜன் பிரகாஷ். டோக்கியோ ஒலிம்பிக்குக்கான நேரடித் தகுதி நேரம் 1 நிமிடம் 56.48 நொடி. பத்தில் ஒரு நொடி முந்தியதால், ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரரானார். அவரைப் பற்றி எழுதப்பட்ட குறிப்புகளில் தவறாமல் இடம்பெறும் அடைமொழி ஒன்று உண்டு: கேரளக் காவல்துறை அதிகாரி. வீரரைக் காவல்துறை ஆதரித்தது, அதனால் வீரர் உருவானார் என்ற பொருள் அந்த அடைமொழிக்குள் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்தப் பொருள் பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். நீச்சல் வீரருக்குச் சீருடை தருவதை நீச்சலுக்குச் செய்த உதவியாகக் கணக்கெழுதும் வழக்கம், வீரர் உண்மையில் எங்கே உருவானார் என்பதை மறைக்கிறது. நீந்தத் தெரிந்தவரால் காவல்துறைக்கு என்ன பயன் என்று கேட்கவும் விடுவதில்லை. இரண்டாவது குறையின் விளைவைத் தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஒரு வட்டத்தில் வைத்துத்தான் தெளிவாகப் பார்க்க முடியும்.

சாஜன் 1993-இல் இடுக்கியில் பிறந்தவர், வளர்ந்தது நெய்வேலியில். தாய் சாந்திமோள் ஓட்ட வீராங்கனை. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் ஊழியர். நிலக்கரி வெட்டுவதற்காக 1956-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், ஊழியர்களுக்கென்று திட்டமிட்ட நகரியத்தையும் கட்டியது: பள்ளி, மருத்துவமனை, மைதானம், நீச்சல் குளம். பிழைப்புக்காக மலையாளிகளும் தெலுங்கர்களும் தமிழகத்தின் பல மாவட்டத்தாரும் வந்து குடியேறிய ஊர் அது. அந்தக் குளத்தில் சஜி செபாஸ்டியன் என்ற பயிற்சியாளரிடம் நீந்தக் கற்றார் சாஜன். பிறகு பெங்களூரு, தாய்லாந்தின் புக்கெட், அடுத்துத் துபாயில் பயிற்சியாளர் பிரதீப் குமார் என்று அவருடைய பாதை விரிந்தது. இந்தப் பாதையின் முதல் பத்தாண்டில் காவல்துறை எங்குமே இல்லை. வாழ்ந்த நகரியத்திலேயே ஒரு குளம் இருந்தது. தாய்க்கு நிலையான ஊதியம் இருந்தது. விடியலில் பிள்ளையைத் தண்ணீரில் இறக்கிவிடும் பழக்கம் உள்ள ஒரு விளையாட்டுக் குடும்பம் இருந்தது. பொதுத்துறை நிறுவனம் ஒன்று ஊழியர் நலனுக்காகச் செய்த செலவின் எதிர்பாராத விளைச்சல் என்றே அவரைச் சொல்ல வேண்டும்.

கேரளம் அவருக்குப் பணி தந்தது, 2015-இல் அம்மாநிலத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளில் 6 தங்கமும் 3 வெள்ளியும் வென்ற பிறகு. தமிழக மண்ணில், மத்திய அரசு நிறுவனத்தின் குளத்தில் உருவான ஒருவர், பெற்றோரின் மாநிலத்துக்காக நீந்தினார். அம்மாநிலத்தின் காவல்துறையில் அதிகாரியானார். இதில் யார்மீதும் குற்றமில்லை. புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் என்பது எப்போதும் இரண்டாகத்தான் இருக்கும். ஆனால் ஆராய்பவருக்கு இந்தப் பிரிவு பயனுள்ளது. உருவாக்கிய இடமும் வெகுமதி தந்த இடமும் வேறு வேறாக அமைந்த இந்த வாழ்க்கையில், காவல் பணி என்பது நடந்து முடிந்த வெற்றிக்குத் தரப்பட்ட அங்கீகாரம் என்பது வெளிப்படையாகத் தெரிகிறது. இரண்டும் ஒரே மாநிலமாக இருந்திருந்தால் அந்த மாநிலமே அவரை வளர்த்தது என்று எளிதாக எழுதிவிட்டுப் போயிருப்போம்.

சாஜன் தகுதி பெற்ற ரோம் நகரம் இங்கே தற்செயலாக ஒரு நல்ல ஒப்பீட்டையும் தருகிறது. இத்தாலியில் காவல்துறையின் விளையாட்டுப் பிரிவு ‘ஃபியாமே ஓரோ’ என்ற பெயரில் 1954 முதல் இயங்குகிறது. நிதிக் காவல் படைக்கும் ராணுவத்துக்கும் இத்தகைய பிரிவுகள் உண்டு. ரியோ ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம் வென்ற கிரெகோரியோ பல்த்ரினியேரி ஃபியாமே ஓரோவைச் சேர்ந்தவர். சீருடைதான் வீரரை உருவாக்குகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம். உற்றுப் பார்த்தால் இத்தாலியச் சான்று எதிர்த்திசையில் பேசுகிறது. பல்த்ரினியேரி கார்ப்பி என்ற சிறு நகரத்துப் பிள்ளை. உள்ளூர் நீச்சல் சங்கத்தின் குளத்தில் வளர்ந்தவர். அந்நாட்டில் சிறு நகரங்களிலும் குளமும் சங்கமும் உள்ளன. அவை வடித்துத் தரும் வீரர்களைக் காவல்துறை ஊதியத்தோடு ஏற்றுக்கொள்கிறது, போட்டிக் காலம் முழுவதும் நீந்துவதையே அவர்களின் பணியாக வைத்துக்கொள்கிறது. சிறுவர்களுக்கான பிரிவுகளையும் நடத்துகிறது. நாம் இத்தாலியின் கடைசிக் கண்ணியை மட்டும் எடுத்துக்கொண்டோம். முன்னுள்ள கண்ணிகளை நெய்வேலி போன்ற விதிவிலக்குகளின் கையில் விட்டுவிட்டோம்.

இதற்கு எழும் வலுவான மறுப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வேலை உறுதி இல்லாவிட்டால் திறமையாளர்கள் பாதியில் விலகிவிடுவார்கள். ஆகவே பணி ஆணை வெறும் பரிசன்று, வீரரைத் தண்ணீரில் நிறுத்தி வைக்கும் கயிறு என்பார்கள். தமிழகத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் 1994-ஆம் ஆண்டில், 12 வயதில், பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தார்; ஒரே ஆண்டில் 6 நீரிணைகளை நீந்தி மிகிர் சென்னின் சாதனையை முந்தினார். அர்ஜுனா விருதும் வந்தது. பிறகு செலவைத் தாங்கும் ஆதரவின்றி நீச்சலை விட்டுப் பொறியியல் படிக்கப் போனார். ஆதரவு வேண்டும் என்பதை இவர் வாழ்க்கை ஐயமின்றி நிறுவுகிறது. ஆனால் எந்த ஆதரவு, எந்த வயதில்? 12 வயதுச் சிறுவனுக்கு எந்தக் காவல்துறையும் பணி ஆணை தர முடியாது. காவலர் பணிக்குக் குறைந்தபட்ச வயது 18. நீச்சல் வீரரின் நுரையீரலும் தோளும் வீச்சும் உருவாகும் ஆண்டுகள் அதற்கு முன்பே கழிந்துவிடுகின்றன. பணி ஆணை வரும்போது உடல் உருவாகியிருக்கும், அல்லது உருவாகாமலே போயிருக்கும்.

பணி வந்த பிறகும் கதை நேராகப் போவதில்லை. 2010-இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் 50 மீட்டர் பட்டர்ஃபிளையில் வெண்கலம் வென்ற வீர்தவல் காடேவை மகாராஷ்டிர அரசு தாசில்தாராக்கியது. நிலவரி, சான்றிதழ், பட்டா மாறுதல்! மரியாதையான பதவிதான்; ஆனால் காலையிலும் மாலையிலும் தண்ணீரில் இருக்க வேண்டிய ஒருவருக்கு அலுவலகம் கொடுத்த மரியாதை பயிற்சியைத் தின்றுவிட்டது. காவல்துறை இதைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்ளலாம். மத்திய ரிசர்வ் காவல் படையைச் சேர்ந்த கஜான் சிங் 1986 சியோல் ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் வெள்ளி வென்றார். ஆனால் அவருக்குப் பின் ஆசிய விளையாட்டு நீச்சலில் இந்தியாவின் அடுத்த பதக்கம் காடேவினுடையது. இடையில் 24 ஆண்டுகள். அந்த 24 ஆண்டுகளிலும் மத்தியப் படைகளின் விளையாட்டு ஒதுக்கீடு இருந்தது, காவல்துறைகளுக்கு இடையிலான நீச்சல் போட்டிகளும் இருந்தன. ஆக, சீருடை என்ற ஏற்பாடு தொடர்ந்து இருந்தும் விளைச்சல் தொடரவில்லை. கபடிக்கோ ஓட்டத்துக்கோ இந்த வாதம் அப்படியே பொருந்தாது. அவற்றுக்கு ஊர்ப் பொட்டல் போதும், ஏழை வீட்டுப் பிள்ளையை ஒதுக்கீடு உண்மையிலேயே மேலே தூக்கிவிட்டிருக்கிறது. நீச்சலில் பொட்டலுக்கு நிகரான பொது இடம் இல்லை.

இனி இரண்டாவது குறை. ஒருவரின் தனித்திறமைக்காக அவரைக் காவல்துறையில் சேர்ப்பதில் இரண்டு வகை உண்டு. இத்தாலியின் பதுலா ஊரில் 1860-இல் பிறந்து, நியூயார்க்கில் குடியேறி, 1883-இல் அந்நகரக் காவல்துறையில் சேர்ந்தவர் ஜோசப் பெட்ரோசினோ. இத்தாலியக் குடியேறிகளை மிரட்டிப் பணம் பறித்த கும்பல்களை அவர்களின் மொழியும் வழக்கமும் தெரியாத அதிகாரிகளால் தொடவே முடியவில்லை. அதற்கென அமைக்கப்பட்ட இத்தாலியப் பிரிவுக்கு அவர் தலைவரானார். அதே பணிக்காகச் சென்ற பலெர்மோவில் 1909 மார்ச் 12 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் இருந்த திறமையும் துறைக்குத் தேவைப்பட்ட திறமையும் ஒன்று. நீச்சல் வீரரின் நியமனம் அப்படிப்பட்டதன்று. அவருடைய பதக்கம் துறைக்கு வேண்டியிருக்கிறது; அவருடைய நீச்சல் வேண்டியிருப்பதாக யாரும் கருதுவதில்லை. தமிழகத்தில் காவலர் தேர்வுக்கு வரும் ஆண்கள் 1500 மீட்டர் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், நீளமோ உயரமோ தாண்ட வேண்டும், 100 அல்லது 400 மீட்டர் ஓட வேண்டும். நீந்தத் தெரியுமா என்று அந்த மைதானத்தில் கேட்பதில்லை.

பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் இதன் பொருள் என்ன? சேர்வராயன் மலையில் பிறந்து வரும் வாணியாறு அடிவாரத்தில் அணையாகத் தேங்குகிறது. நீர்மட்டத்தின் உச்சம் 65 அடிக்குச் சற்று மேல். அணைக்கு வெளியே, மானாவாரிக் காடுகளுக்கும் தோட்டங்களுக்கும் நடுவே, கைப்பிடிச் சுவர் இல்லாத பாசனக் கிணறுகள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நீச்சல் குளம் என்பது கிணறுதான். முன்பு சுரைப்புருடை, இப்போது பிளாஸ்டிக் கேன். இடுப்பில் கட்டி, அண்ணனோ மாமனோ தள்ளிவிட, படியைப் பிடித்துப் பிடித்துக் கற்றுக்கொள்வார்கள். தள்ளிவிட ஆள் இல்லாத பிள்ளைகளும், கிணற்றுப் பக்கமே விடப்படாத பெண் பிள்ளைகளும் கற்றுக்கொள்வதில்லை. இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் 35,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. காவல் நிலையம் தண்ணீரைச் சந்திக்கும் இடம் பெரும்பாலும் சந்தேக மரணப் பதிவேடு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு. பிரிவு எண் மாறியிருக்கிறது. காவலர் வந்து சேரும் நேரம் மட்டும் மாறவில்லை, எல்லாம் முடிந்த பிறகுதான்.

மீட்பது தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையின் வேலை, காவல்துறையை ஏன் இழுக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அந்த வேலைப் பிரிவினை நிர்வாகத்துக்கு ஒத்துவரும். மூழ்குபவரிடம் இருப்பதோ சில நிமிடங்கள். தீயணைப்பு வண்டி வரும் வரை கரையில் நிற்பவர் யாராயினும் அவருக்குத் தெரிந்ததே மீட்பு. அதனால்தான் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் பாதுகாப்பான மீட்பு முறையும் கற்பிப்பதை உலக சுகாதார நிறுவனம் முதன்மையான தடுப்பு வழிகளில் ஒன்றாக வைக்கிறது. இன்னொரு மறுப்பு, இது வறண்ட மாவட்டம் என்பது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை அண்டையிலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியபோது அந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கியது என்பதை இப்பகுதி மக்கள் அறிவார்கள். உண்மையில், வறண்ட ஊரில்தான் தண்ணீர்ப் பழக்கம் குறைவு. எப்போதாவது வரும் வெள்ளம் அங்கே கூடுதல் ஆபத்து. மூன்றாவது மறுப்பைப் பாதி ஏற்கத்தான் வேண்டும். 200 மீட்டர் பட்டர்ஃபிளையும் கிணற்றில் விழுந்தவரைத் தூக்குவதும் வேறு வேறு கலைகள். பதக்கம் வென்றவர் நல்ல மீட்பாளராக இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. ஆனால் தண்ணீரில் மூச்சை ஆள்வதையும், பதறாமல் மிதப்பதையும், ஒரு குழந்தைக்கு அச்சம் போக்குவதையும் வாழ்நாள் முழுக்கக் கற்ற ஒருவரைத் துறைக்குள் வைத்துக்கொண்டு, அந்த அறிவைப் பத்துக் காவலருக்கோ ஓர் அரசுப் பள்ளிக்கோ கடத்தக்கூடக் கேட்காமல் இருப்பது, அதற்கு மறுமொழி ஆகாது. போட்டிக் காலத்தில் கேட்க வேண்டியதில்லை. அதற்குப் பின் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் அவர் பணியில் இருக்கப் போகிறார்.

மேலே சொன்ன இரண்டு வகை நியமனங்களும் ஒரே காவல்துறைக்குள், ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்ததைக் கேரளத்தில் காணலாம். 2018 ஆகஸ்டில் சாஜன் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டியில் நீந்தி 5-ஆம் இடம் பெற்றார். அதே நாட்களில் இடுக்கியில் செறுதோணி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டிருந்தன. அவருடைய தாய்வழி உறவினர்களோடு தொடர்பு அறுந்துபோயிருந்தது. மகனின் போட்டி கெடக் கூடாதென்று தாய் அதை மறைத்தார். உறவினர்கள் பின்னர் பாதுகாப்பாக இருப்பது தெரிந்தது. அந்த வெள்ளத்தில் மத்திய கேரளத்தின் மூழ்கிய தெருக்களில் ஆயிரக்கணக்கானோரை மீட்டவர்கள் லாரிகளில் படகை ஏற்றிக்கொண்டு தாமாக வந்த மீனவர்கள். ஒக்கிப் புயலின் இழப்புகளுக்குப் பிறகு கேரள அரசு மீனவ இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து கடலோரக் காவல் நிலையங்களில் வார்டன்களாகச் சேர்த்தது. கடலையும் நீரோட்டத்தையும் அறிந்தவர்கள் என்பதற்காகவே அவர்கள் எடுக்கப்பட்டார்கள். பெட்ரோசினோ வழி அது. திறமையும் தேவையும் ஒன்றாகப் பொருந்திய நியமனம். ஆனால் பதக்கத்துக்குக் கிடைத்தது அதிகாரிப் பதவியும் நிரந்தரப் பணியும். அந்த வார்டன்களுக்குக் கிடைத்தது ஒப்பந்த வேலை.