வெயில் ஆகாத வாத்தியார்

1886-இல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த குர்ட் ஹானுக்கு வெயில் ஆகாது. வாலிப வயதில் அடித்த கடும் வெயில் அவரை நெடுநாள் இருட்டறையில் முடக்கிப்போட்டது. அதன்பின் ஆயுசுக்கும் நிழல் தேடி நடந்த மனிதர். பிள்ளைகளை மலைக்கும் கடலுக்கும் விரட்டும் வேலை இவர் தலையிலா விடிய வேண்டும்?

ஜெர்மன் பேரரசின் கடைசிப் பிரதமரான இளவரசர் மாக்ஸிடம் செயலாளராக இருந்த ஹான், 1920-இல் அவருடைய சேலம் மாளிகையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். (மாம்பழச் சேலம் அல்ல, கான்ஸ்டன்ஸ் ஏரிப் பக்கத்துச் சேலம்.) பள்ளி பேர்வாங்கியது. 1932-இல் பொடெம்பா கிராமத்தில் நாஜிப் படையினர் ஒரு கம்யூனிஸ்ட் தொழிலாளியைத் தாயின் கண்ணெதிரே அடித்துக் கொன்றார்கள். கொலையாளிகளுக்கு ஹிட்லர் ஆதரவுத் தந்தி கொடுத்தார். கொதித்துப்போன ஹான், ஹிட்லரா சேலமா என்று முடிவுசெய்யும்படி பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த மார்ச்சில் அவர் சிறையில் இருந்தார்.

பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்ட் தலையிட்டதால் உயிர் தப்பி பிரிட்டன் போய்ச் சேர்ந்தார். 1934-இல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளி பிறந்தது. ஓட்டம், நீச்சல், மலைநடை ஆகியவற்றில் தேறும் வட்டாரப் பையன்களுக்கு ஒரு பதக்கமும் ஏற்படுத்தினார். அதை நாடு முழுக்கப் பரப்ப ஆசை, பணம்தான் இல்லை. 1940-இல் பள்ளிக் கட்டடங்களை ராணுவம் எடுத்துக்கொள்ள, மூட்டை முடிச்சுகளோடு வேல்ஸுக்கு இடம்பெயர வேண்டியதாயிற்று.

அந்தச் சமயம் லிவர்பூலில் கப்பல் முதலாளி லாரன்ஸ் ஹோல்ட் தூக்கமின்றி இருந்தார். ஜெர்மன் நீர்மூழ்கிகள் அவருடைய புளூ ஃபனல் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. உயிர்காப்புப் படகில் முதலில் சாவது கட்டிளங்காளைகள், பாய்மரக் காலத்துக் கிழங்கள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது அவர் கணிப்பு. கறாரான புள்ளிவிவரமா என்று கேட்டால் சந்தேகம்தான். ஆனால் ஹானின் திட்டத்துக்காக அவர் பணப்பையை அவிழ்க்க அது போதுமானதாக இருந்தது.

1941 அக்டோபரில் வேல்ஸின் அபர்டவியில் 26 நாள் பயிற்சி தொடங்கியது. கப்பல் பயிற்சிப் பையன்கள், ஆலைத் தொழிலாளிகள், பள்ளி மாணவர்கள் எல்லோரும் ஒரே படகில் துடுப்பு வலித்தார்கள், ஒன்றாக மலை ஏறினார்கள். அந்தப் பயிற்சிப் பள்ளிக்கு ஹோல்ட் சூட்டிய பெயர் ஹானுக்குப் பிடிக்கவில்லை. பணம் போட்டவர் பேச்சுதான் எடுபட்டது. நாலே வருடத்தில் போர் முடிந்தது. கப்பல்கள் பத்திரம், இனி இந்தப் பள்ளி எதற்கு?

மூடவில்லை. 1950-இல் எஸ்க்டேலில் மலைப்பள்ளி வந்தது. மறுவருடம் பெண்களும் சேர்ந்தார்கள். அதே பத்தாண்டில் மலாயாவின் லூமுட்டுக்கும் பரவியது. 1967-இல் சிங்கப்பூர் அமைச்சர் கோ கெங் சுவீ அதைப் புலாவ் உபின் தீவுக்குக் கொண்டுவந்தார். சிங்கப்பூரில் உயர்நிலை மூன்று படிக்கும் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகளும் சேர்த்துத்தான், ஐந்து நாள் கயாக் வலித்து, கூடாரத்தில் தூங்கி, கொசுக்கடியோடு வீடு திரும்பும் அந்த முகாமுக்கு இன்றும் ஹோல்ட் வைத்த பெயர்தான்: அவுட்வர்ட் பவுண்ட்.