த்ரீ நாட் த்ரீ: ஒரு துப்பாக்கி எப்போ ஸ்நைப்பர் ஆச்சு?

உங்களில் பாதிப் பேராவது பப்ஜி ஆடியிருப்பீங்க. ஒரு வீட்டுக்குள்ளே ஓடுறீங்க, தரையில் ஒரு கார்98 கிடக்குது. பக்கத்து ரூமில் ஒரு ஸ்கோப். ரெண்டையும் எடுத்து மாட்டினா வேலை முடிஞ்சது. கிடைத்த ஸ்கோப் அப்படியே பொருந்தும், முதல் தோட்டாவே குறி வைத்த இடத்தில் போய் விழும்.

நிஜத்தில் இந்த ஒரு நொடி வேலையைக் கத்துக்க பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஏறக்குறைய 30 வருஷம் ஆச்சு. இன்னைக்கு அந்தக் கதைதான். இதில் வரும் துப்பாக்கி நமக்குத் தெரிஞ்ச ஆளுதான்: லீ-என்ஃபீல்ட். பேர் புதுசா இருந்தா, 'த்ரீ நாட் த்ரீ'ன்னு சொன்னா புரிஞ்சிடும். பழைய படங்களில் கான்ஸ்டபிள் தோளில் தொங்குமே, மூக்கு வரைக்கும் மரம் போர்த்திய துப்பாக்கி, அதேதான். குழலின் உள் அளவு 0.303 அங்குலம், அதாவது 7.7 மில்லிமீட்டர். நடுவில் இருக்கும் பூஜ்யத்தை வெள்ளைக்காரர்கள் 'நாட்' என்றார்கள், நாமும் அப்படியே பிடித்துக்கொண்டோம்.

லீ என்பது ஜேம்ஸ் பாரிஸ் லீ. ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் வேலை பார்த்தவர். போல்ட்டும் மேகசினும் அவருடைய யோசனை. என்ஃபீல்ட் என்பது லண்டனுக்கு வடக்கே அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர். 1907-இல் வந்த மார்க் 3 மாடலோடுதான் பிரிட்டன் 1914-இல் போருக்குப் போனது. பயிற்சி பெற்ற சிப்பாய் ஒரு நிமிஷத்தில் 300 கஜத்தில் இருக்கும் இலக்கை 15 முறை சுட்டுவிடுவான். வேகம் என்று பார்த்தால் அன்றைக்கு இதை அடிச்சுக்க ஆளே இல்லை.

ஆனா அந்தப் போர் வேகத்தில் நடக்கவில்லை. ரெண்டு பக்கமும் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்துவிட்டார்கள். ஜெர்மானியர்களிடம் வேட்டைக்காரர்கள் அதிகம், நல்ல கண்ணாடி செய்கிற கம்பெனிகளும் அதிகம். ஸ்கோப் வைத்த துப்பாக்கிகள் சீக்கிரமே முன்வரிசைக்கு வந்துவிட்டன. பிரிட்டிஷ் பக்கத்தில் மண் மூட்டைக்கு மேலே தலையை நீட்டியவன் திரும்பக் கீழே இறங்குவது நிச்சயமில்லை என்று ஆனது.

பிரிட்டிஷாரும் அவசரமாக ஸ்கோப் வாங்கி மாட்டினார்கள். மாட்டிய விதம்தான் கொடுமை. தோட்டாக்களை மேலிருந்து மொத்தமாகத் திணிக்க வழி விடணும் என்பதற்காக, ஸ்கோப்பை நடுவில் வைக்காமல் இடது பக்கமாக ஒதுக்கி வைத்தார்கள். பதுங்குகுழியில் இரும்புத் தகட்டில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது வழியாகத்தான் சுடணும். குழல் ஓட்டைக்குள்ளே, ஸ்கோப் அந்தத் தகட்டைப் பார்த்துக்கொண்டு! வாங்கினவங்க யாரும் ஒரு தடவைகூட அந்த ஓட்டை வழியாகப் பார்த்திருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன்.

இங்கேதான் ஹெஸ்கத்-ப்ரிச்சர்ட் வருகிறார். எழுத்தாளர், வேட்டைக்காரர், ஹாம்ப்ஷயர் அணிக்கு வேகப்பந்து வீசிய கிரிக்கெட்டர். பிரான்ஸில் முன்வரிசைக்குப் போன இவர் செய்த முதல் வேலை ரொம்ப எளிது. ஸ்கோப் வைத்த துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக வாங்கி, இலக்கில் சுட்டுப் பார்த்தார். பெரும்பாலானவை குறி தப்பின. சிலது ரொம்ப தூரம் தப்பின. ஏன்? ஒரு படை ஊருக்குத் திரும்பும்போது, மண்வெட்டி, வாளி மாதிரி ஸ்கோப் துப்பாக்கியையும் அடுத்த படையிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும். புதிதாக வாங்கியவனுக்கு அது எவ்வளவு தள்ளிச் சுடும் என்று தெரியாது. ஒரு திருகு தளர்ந்திருந்தாலும் தெரியாது. நண்பனைக் கொன்றவனைக் குறி பார்த்துச் சுட்டுவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருப்பான், தோட்டா வேற எங்கேயோ போயிருக்கும். ப்ரிச்சர்ட் 1916-இல் லிங்கெம் என்ற ஊரில் ஸ்நைப்பர் பள்ளியே ஆரம்பித்தார். துப்பாக்கியும் அதைச் சுடுகிற ஆளும் பிரியக் கூடாது என்பது அங்கே அடிப்படைப் பாடம்.

சரி, ஸ்கோப்பைச் சரியா மாட்டிட்டா போதுமா? போதாது. இன்னொரு வில்லன் இருக்கு: மரம்.

மார்க் 3-இன் குழல் மெல்லியது. அதைச் சுற்றி முழு நீளத்துக்கும் மரக்கட்டை. சுடும்போது குழல் அதிரும், கம்பியைத் தட்டினால் அதிருமே, அது மாதிரி. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் தோட்டாவும் ஒரே இடத்துக்குப் போகும். மரம் குழலை எங்கே தொடுது, எவ்வளவு அழுத்துது என்பதுதான் அந்த அதிர்வை முடிவு பண்ணும். அதனால் நடுவில் ஒரு வளையம், முன்னால் ஒரு சின்ன ஸ்பிரிங் என்று வைத்து அழுத்தத்தை அளந்து பொருத்தியிருந்தார்கள். ஆனா மழைக்காலத்தில் நம்ம வீட்டுக் கதவு என்ன பண்ணும்? உப்பும், சட்டத்தில் மாட்டிக்கும். பிரான்ஸின் சேற்றில் இந்தக் கட்டையும் அதையேதான் செய்தது. நேற்று சரியாகச் சுட்ட துப்பாக்கி இன்னைக்கு ஒரு சாண் தள்ளிச் சுடும். மரத்தைக் கொஞ்சம் இழைத்து, எண்ணெய் ஊட்டி, மறுபடி பொருத்தத் தெரிந்த ஆயுதத் தச்சன் ஒருத்தன் படையில் இருந்தால் அதிர்ஷ்டம்.

ரெண்டாம் உலகப் போருக்கு வந்த நம்பர் 4 மாடலில் இந்தப் பாடங்கள் தெரியும். குழல் தடிமனாச்சு. மரம் முன்முனையில் குழலை அளவான அழுத்தத்தோடு மேலே தாங்கியது. அப்புறம் ஒரு புத்திசாலித்தனமான முடிவு எடுத்தார்கள்: ஸ்நைப்பர் துப்பாக்கியைப் புதிதாகச் செய்யாமல், தேர்ந்தெடுப்பது. தொழிற்சாலையில் சோதனைச் சுடுதலின்போது அசாதாரணமாக நன்றாகச் சுடும் துப்பாக்கிகளை மட்டும் தனியே எடுத்து வைப்பார்கள். ஒரே மெஷின், ஒரே இரும்பு, ஆனாலும் ஒண்ணு ரெண்டு மட்டும் தனியா நிக்கும்.

அவற்றை 1942 முதல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்டிடம் அனுப்பினார்கள். லண்டனின் ஆடம்பர வேட்டைத் துப்பாக்கிக் கம்பெனி, நம்ம ஊர் மகாராஜாக்கள் பலர் இவர்களின் வாடிக்கையாளர்கள். அங்கே கைத்தொழில்காரர்கள் துப்பாக்கியின் இடது பக்கத்தில் ரெண்டு இரும்புத் திண்டுகளை வைத்துத் திருகி, அதில் ஸ்கோப்பின் பிடியை அந்தத் துப்பாக்கிக்கு மட்டும் பொருந்தும்படி சீவினார்கள். ஸ்கோப்புக்குப் பெயர் நம்பர் 32, முதலில் பிரென் மெஷின் கன்னுக்காகச் செய்தது. மூன்று மடங்குதான் பெரிதாக்கிக் காட்டும். கன்னம் வைக்கப் பின்கட்டையில் ஒரு மரத்துண்டு. கடைசியில் மறுபடி சோதனை. 200 கஜத்தில் சுட்டவை 5 அங்குல வட்டத்துக்குள் விழணும். அதாவது ஒரு சிடியை விடக் கொஞ்சம் பெரிசு. (சிடின்னா என்னன்னு கமெண்ட்ல கேட்காதீங்க, வயசாகுது.) 400 கஜத்தில் 10 அங்குலம். தேறிய துப்பாக்கியின் பெயர் நம்பர் 4 மார்க் 1 (டி). 20,000-க்கும் மேல் இப்படி மாற்றினார்கள்.

இப்போ இதை அடையாளம் காண்பது எப்படி? நம்பர்தான் சாட்சி. துப்பாக்கியின் இடது பக்கத்தில் 'டி' முத்திரை. பின்கட்டையின் அடியில் எஸ்51. போர்க்காலத்தில் கம்பெனிப் பெயர்களை மறைக்கக் குறியீடு கொடுத்தார்கள், இது ஹாலண்டுடையது. ஸ்கோப்பின் பிடியில் துப்பாக்கியின் வரிசை எண். பின்கட்டையின் மெல்லிய பகுதியில், கை பிடிக்கும் இடத்துக்கு மேலே, ஸ்கோப்பின் எண். கல்யாணப் பதிவேடு மாதிரி ரெண்டு பக்கமும் ஒருத்தர் பெயரை இன்னொருத்தர் மேல் பொறித்து வைத்தார்கள். எதற்கு? முதல் உலகப் போரில் வாளியோடு வாளியாகக் கைமாறிய துப்பாக்கிகளின் கதை மறுபடி நடக்கக் கூடாதே. ஒரு ஸ்கோப்பைக் கழற்றி இன்னொரு துப்பாக்கியில் மாட்டினால் ஹாலண்டில் செய்த மொத்த வேலையும் வீண்.

போருக்கு அப்புறம் நிறைய ஜோடிகள் பிரிந்தன. இன்னைக்கு ஏலத்தில் எண் பொருந்தும் ஜோடிக்கு ஒரு விலை, பொருந்தாததற்கு வேறு விலை. சாதாரண நம்பர் 4-இல் திண்டு வைத்து, 'டி' அடித்து விற்கும் ஆட்களும் உண்டு. இந்தியாவில் .303 தனியார் வைத்துக்கொள்ளத் தடை செய்யப்பட்ட ரகம், அதனால நமக்கு அந்தத் தலைவலி இல்லை.

நமக்கு வேறொரு குழப்பம் இருக்கு. கொல்கத்தா பக்கத்தில் இஷாப்பூர் தொழிற்சாலை இதே துப்பாக்கியைப் பல பத்தாண்டுகள் செய்தது. 1960-களில் அங்கே வந்த 2ஏ, 2ஏ1 மாடல்கள் பார்க்க அச்சு அசல் த்ரீ நாட் த்ரீ, ஆனா உள்ளே 7.62 மில்லிமீட்டர் தோட்டா. மேகசின் கொஞ்சம் சதுரமா இருந்தா அது 303 இல்லை.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இன்னொன்று: .410 மஸ்கட். காலனி அரசு இஷாப்பூரில் லீ-என்ஃபீல்டுகளை எடுத்து, குழலுக்குள் இருந்த புரிகளைக் கடைந்து வழவழப்பாக்கி, மேகசினை மரக்கட்டையால் அடைத்து, ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போடும்படி மாற்றியது. போலீஸுக்கும் சிறைக் காவலர்களுக்கும் கொடுக்க. ராணுவத் தோட்டா இதில் பயன்படாது, தூரத்துக்குக் குறியும் நிற்காது. லண்டனில் ஒருவர் ஒரு அங்குலத்தைக் குறைக்கக் கண்ணாடியோடும் அரத்தோடும் மல்லுக்கட்ட, இங்கே அதே துப்பாக்கியின் குறியை வேணும்னே கெடுத்திருக்காங்க. சுடப்போவது யார், யாருடைய கையில் கொடுக்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

நல்ல டி துப்பாக்கிகள் போருக்குப் பிறகும் ஓய்வு பெறவில்லை. 1970-களில் சிலவற்றை மறுபடி என்ஃபீல்டுக்கே கொண்டுபோய், 7.62 குழல் மாற்றினார்கள். இந்த முறை குழல் தடிமன், முன்கட்டை பாதியிலேயே வெட்டப்பட்டது, மரம் குழலைத் தொடவே இல்லை. எல்42ஏ1 என்று பெயர். 1982-இல் ஃபாக்லாந்து தீவுப் போருக்கும் அது போனது. ஸ்கோப் அதே நம்பர் 32 குடும்பம்தான், புது அளவுகளோடு. பழைய முத்திரைகளைக் கோடு போட்டு அடித்துவிட்டு பக்கத்திலேயே புதிது பொறித்திருப்பார்கள். உற்றுப் பார்த்தால் அடியில் 1940-களின் வருஷம் இன்னும் தெரியும்.