மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டி தீப்பிடிக்காமல் இருக்க

சித்தேரி போன்ற மலை ஊர்களில் ஸ்டார்ட்டர் பெட்டி தீப்பிடித்தால், தீயணைப்பு வண்டி மலையேறி வருவதற்குள் கொட்டகையே போய்விடும்.

பெரும்பாலும் வில்லங்கம் லூஸ் கனெக்‌ஷனில்தான். நாளடைவில் திருகு தளர்ந்து, அந்த இடம் சூடாகி ஒயர் உறை உருகும். கருகல் வாடை வந்தாலோ, ஒயர் முனை கறுத்திருந்தாலோ மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியனை வைத்து இறுக்குங்கள். பியூஸ் போனால் கைக்குக் கிடைத்த தடித்த கம்பியைக் கட்டுவது நம்மில் பலருக்குப் பழக்கம். அது பியூஸே இல்லாததற்குச் சமம். பல்லி விழுந்து ஷார்ட் ஆனாலும் கம்பி அறுகாது, ஒயர்தான் எரியும். ஒயர் நுழையும் துளைகளை அடைத்து வையுங்கள். பெட்டியை ஓலைத் தட்டியில் மாட்டாதீர்கள். சாக்கு, டீசல் கேன் அருகில் வேண்டாம்.

தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மெயினை அணைத்து, உலர்ந்த மணலை வீசுங்கள். மெயின் சுவிட்சே எரிந்தால் தொடாமல் விலகி, மின்வாரியத்துக்கும் 101-க்கும் சொல்லுங்கள்.