அசரீரியும் திரிவுக் காட்சியும்

துயில் வருங்கால் தன் பெயரை யாரோ அழைத்ததாகக் கேட்டு விழித்தெழுதலும், இறந்த அன்னையின் அடியோசையைத் தாழ்வாரத்தில் உணர்தலும், பூவில்லாத அறையில் மல்லிகை மணத்தை நுகர்தலும் மக்கள் வாழ்க்கையில் அரியன அல்ல. கள்ளும் கஞ்சாவும் தீண்டாதார்க்கும் இவை நிகழ்கின்றன. இவற்றைப் பேயென்று அஞ்சுவார் சிலர். பித்தென்று நாணி மறைப்பார் சிலர். திருவருள் வாக்கெனத் துணிவார் சிலர். இம் மூவரும் ஆராயாது முடிபு கொண்டவரேயாவர். கூடலூர்ச் செம்மண்டலம் முதல் தில்லை வரை பரந்த நாடும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் உரியன. என்னை? அசரீரி கேட்ட வரலாறும், காட்சியின் குற்றங் குணங்களை அளந்த சாத்திரமும் ஒருங்கே விளங்கிய நிலம் இஃதாகலின்.

இரண்டாங் குலோத்துங்கன் (கி.பி. 1133–1150) காலத்தவரான சேக்கிழார் பெருமான் தில்லையம்பலத்தை அடைந்து வேண்டி நிற்ப, அம்பலவாணர் திருவருளால் எழுந்த அசரீரி முதற்சொல்லை எடுத்துக் கொடுத்தது என்பது வரலாறு. உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம் இதனைக் கூறும். ஆண்டு அவ்வொலி ஒருவர் செவிக்குள் அடங்கிய தனியோசையாகக் கூறப்படவில்லை. அடியார்கள் கேட்ப எழுந்ததாகவே சொல்லப்பட்டது. அதன் பயனாகத் தோன்றிய திருத்தொண்டர் புராணமோ இன்றும் உலகம் ஓத நிற்கின்றது.

இனி, திருவதிகைக்கு அயலதாகிய சித்தவட மடத்தில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் துயின்ற இரவை நோக்குக. முதிய வேதியர் ஒருவர் தம் அடியைச் சுவாமிகள் முடிமேல் வைத்தனர். சுவாமிகள் வினாவ, முதியவர் தம் மூப்பின்மேல் ஏற்றி விடையிறுத்தனர். வேறு திசையில் தலைவைத்துத் துயின்றபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. முதியவர் மறைந்த பின்னரே வந்தவர் இன்னாரென்பது சுவாமிகளுக்குப் புலனாயிற்று. இறைவன் திருவடி தீண்டப்பெற்ற அவர்தாமும் முதற்கண் அதனை அருளெனத் துணிந்திலர், ஐயுற்று வினாவினர். ஆகவே வினாவுதல் அன்பிற்கு மாறன்று.

இங்ஙனம் வினாவுதற்குரிய கருவியைத் திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அளித்தருளினர். சிவஞான சித்தியாரின் அளவையியலில், வாயிற் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி எனக் காட்சியை நான்காக வகுத்தனர். ஐயமும் திரிவும் நீங்கியதே அளவையாமெனவும் வரையறுத்தனர். தூணோ மகனோ எனத் தடுமாறுதல் ஐயம். கயிற்றைப் பாம்பெனத் துணிதல் திரிவு. திரிவுற்றானைப் பித்தன் என்பது நூற் கருத்தன்று. ஆணவத்தால் மறைப்புண்ட உயிர்க்கு அறிவு பிழைத்தல் இயல்பென்பதே கருத்து.

புறத்தே ஒலியில்லாதபோது ஒலி கேட்டல் எவ்வாறு கூடுமெனின், அவத்தை நூற்பொருளை உணர்ந்தார்க்கு அஃது எளிது. நனவில் உயிரோடு தொழிற்படுங் கருவிகள் 35. கனவில் ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் புருவ நடுவில் ஒழிய, எஞ்சிய 25 கண்டத்தில் நின்று தொழிற்படும். அவற்றுள் சத்தம் முதலிய ஐந்தும் அந்தக்கரணம் நான்கும் உள. செவி அடைத்தும் ஓசையுண்டு. கண் மூடியும் உருவுண்டு. அன்றியும், நனவிற் கனவு என்றொரு நிலையையும் ஆசிரியர் வேறு வைத்தெண்ணினர். விழித்திருக்கும்போதே கேட்கும் குரலுக்கு இந்நிலையை இடமாகக் கொள்ளலாம்.

மேனாட்டார் எடுத்த கணக்கும் இதற்கு அரணாகின்றது. 1760 இல் சார்லசு பொன்னே என்பார், பார்வை மங்கிய தம் பாட்டனார் தெளிந்த அறிவினராய் இருந்தும் இல்லாத மாந்தரையும் பறவைகளையும் கண்டமையை எழுதினர். 1894 இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஆராய்ச்சியில், வினாவப்பட்ட 17,000 பேருள் 1,684 பேர் விழித்திருக்கையில் இத்தகையதொன்றை உற்றதாகக் கூறினர். 1971 இல் தீவி ரீசு என்னும் மருத்துவர் வேல்சு நாட்டில் துணையை இழந்த 293 பேரை வினாவ, ஏறக்குறையப் பாதியினர் இறந்தாரை ஏதேனுமொரு வகையால் உணர்ந்ததாகக் கூறினர். அவருட் பெரும்பாலோர் அதனை அதுகாறும் எவரிடமும் சொல்லிற்றிலர்.

இம் மறைப்பிற்குக் காரணம் அச்சமே. அச்சத்திற்கு இடமும் உண்டு. 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள் இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில் காப்பகமொன்று தீப்பற்றியபோது, சங்கிலியிற் பிணிப்புண்ட மனநோயாளர் 28 பேர் தப்பமாட்டாது மாண்டனர். 2017 ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் அவ்வாறு பிணித்தலை விலக்கிற்று. எனினும் சட்டம் விலக்கியதை மனம் விலக்க வேண்டுமன்றோ?

ஆதலின் இல்லத்தில் ஒருவர், "குரல் கேட்டேன்" என்று கூறின், நகையாது, அஞ்சாது, அமைந்து கேட்க. துயிலின் வாயிலிலோ துயரின் மிகுதியிலோ வந்து நீங்குவதாயின், கனவுக் கருவியின் தொழிலென ஆற்றுக. ஓயாது தொடர்ந்து ஊணும் உறக்கமுங் கெடுப்பினும், தீங்கு செய்யென ஏவினும், மருத்துவரை நாடுக. நோய்க்கு மருந்து நாடுதல் சிவநெறிக்கு இழுக்கன்று. அருளோ எனின், ஆசையாற் பற்றி முழங்கற்க. யான் எனது என்னுஞ் செருக்கை அது தேய்க்கின்றதா, வளர்க்கின்றதா என நோக்குக. செருக்கை வளர்க்குங் குரல் எத்துணை இனிதாயினும் அம்பலத்தினின்று வந்ததன்று.