தோட்டத்து ஆஸ்பத்திரியும் காந்தப் படமும்

1877-ஆம் ஆண்டில், ஹியூ லோ பேராக்கின் ரெசிடென்டாக இருந்த காலத்தில், கோலகங்சாரில் ஊன்றப்பெற்ற ரப்பர் கன்றுகளின் வழியில் மாநிலமெங்கும் தோட்டங்கள் பெருகியபோது, அவற்றோடு லயங்களும், தோட்டத்து ஆஸ்பத்திரியும், அதில் டிரஸ்ஸர் என்று அழைக்கப்பெற்ற ஆடவரும் வந்து சேர்ந்தனர். மலேரியாவுக்குக் கொய்னாவும் காயத்துக்குக் கட்டும் அவரிடம் கிடைத்தன. ஆயினும் மாதவிலக்கு நின்று பல வருஷங்கள் கழிந்தபின் மறுபடி உதிரம் கண்ட ஒரு ஸ்திரீ, அவர் முன் நின்று அதைச் சொல்லக் கூசினாள். கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் அதுவே.

அவ்வியாதியின் பரவலை மதிப்பிடும் முறையும் அந்நாளில் உலகெங்கும் கரடுமுரடாகவே இருந்தது. மகளிர் மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 1971-இல் வகுத்த விதிப்படி, மெல்லிய உலோகக் கோலை உள்ளே செலுத்தி அளந்து, கருப்பையின் உட்குழி 8 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் ஒரு நிலை, மிஞ்சினால் வேறு நிலை என்று பிரித்தனர். சாதாரண நார்க்கட்டியும் கருப்பையைப் பெரிதாக்கும் என்பதால், குழியின் நீளத்தைக் கொண்டு நோயின் ஆழத்தைச் சொல்ல இயலவில்லை. 1988-இல் அதே கூட்டமைப்பு, அறுத்தெடுத்த உறுப்பைச் சோதித்த பின்னரே நிலையை நிச்சயிக்க வேண்டும் என்று விதித்தது. நியாயமான விதிதான், ஆனால் எவ்வளவு பெரிய ரணசிகிச்சை வேண்டும் என்று முன்னதாகவே தீர்மானிக்க வேண்டியவருக்கு அந்த உண்மை காலங்கடந்தல்லவா கிடைத்தது!

1973-இல் பால் லாட்டர்பர் வெளியிட்ட முதல் உருவங்களிலிருந்து வளர்ந்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. எக்ஸ்ரே கதிர் எதுவுமின்றி, சரீரத்து நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தத்தாலும் ரேடியோ அலையாலும் தூண்டிப் பெறும் அப்படத்தில், கருப்பையின் உட்சவ்வு வெளுத்தும், அதையடுத்த மெல்லிய வளையம் கறுத்தும், புறத்தசை சாம்பல் நிறமாகவும் தோன்றும். அக்கறுத்த வளையம் அறுபடாதிருந்தால் நோய் தசைக்குள் இறங்கவில்லை என்று கொள்வர். தசையின் பாதியைக் கடந்திருந்தாலோ நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருக்கும் அபாயம் மிகுதியாகலின், புற்றுநோய் ரணசிகிச்சையில் தேர்ந்தவரிடமே நோயாளியை ஒப்படைப்பர். முதுமையில் அவ்வளையம் மங்கிவிடுவதால் படமும் சில வேளைகளில் பிழைபடும். முடிவான தீர்ப்பு இன்றும் நுண்ணோக்கியினுடையதே.

ஆழத்தின் அருமை, பால்மரம் வெட்டிய பெண்களுக்குத் தெரியாததன்று. பட்டையில் கத்தி சற்று மேலோடினால் பால் குறையும், சற்று அழுந்தினால் மரம் புண்படும் என்பதை விடியற்காலையின் அரையிருளிலும் கையாலேயே உணர்ந்தவர்கள் அவர்கள். தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிய பின், அவர்களுள் பலர் ஈப்போவின் புந்தோங் போன்ற இடங்களில் குடியேறினர். ஸ்கேனுக்குப் படுக்குமுன் தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னால், மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்ட பிறகே கழற்றித் தருபவர்கள் உண்டு. அதற்காக இரண்டு நிமிஷம் காத்திருப்பதே முறை. கூச்சம் இன்றும் முழுதும் அகலவில்லை. தாய் சொல்லத் தயங்குவதைக் குறிப்பால் அறிந்து, அவளை அரசாங்கக் கிளினிக்குக்கும், அங்கே எழுதித் தரும் கடிதத்தோடு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கும் அழைத்துச் செல்பவள் பெரும்பாலும் மகளே.