பொம்பதூர் வளர்த்த நாய்கள்

பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் மதாம் தெ பொம்பதூர் வளர்த்த நாய்களில் இரண்டின் பெயர்கள் இன்றும் நிலைத்திருக்கின்றன: இனேஸ், மிமி. கிறிஸ்தோஃப் யுவே தீட்டிய அவற்றின் படங்களை 1750களில் எத்தியேன் ஃபெஸ்ஸார் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார். இனேஸ் படத்துக்கு ‘விசுவாசம்’ என்று தலைப்பு. மிமி படத்துக்கு ‘மாறாத அன்பு’.

இந்தத் தலைப்புகளுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் வாழ்க்கைச் சிக்கல் இருக்கிறது. பிரபு வம்சத்தில் பிறக்காத பொம்பதூர், 1745இல் மன்னர் 15ஆம் லூயியின் ஆசைநாயகியாக வெர்சாய்க்குள் நுழைந்தார். 1750 வாக்கில் அந்த உறவு முடிந்துபோனது. வேறொருத்தியாக இருந்தால் மூட்டை கட்டியிருக்க வேண்டியதுதான். அவரோ மன்னரின் நம்பிக்கைக்குரிய தோழியாகச் சாகும்வரை அரண்மனையிலேயே செல்வாக்கோடு இருந்தார். தமக்கு இனி என்ன இடம் என்பதை ஊரறியச் சொல்லக் கலைஞர்களை அமர்த்திக்கொண்டார். சிற்பி பிகால் அவரையே நட்பின் வடிவமாகப் பளிங்கில் செதுக்கினார்; அச்சிலை இப்போது லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1759இல் ஓவியர் பூஷே தீட்டிய ஓவியத்தில், தோட்டத்தில் நிற்கும் அவருக்குப் பின்னால் காதலும் நட்பும் சேர்ந்த சிலை. பக்கத்து இருக்கையில் இனேஸ். சிலை சொல்வதைத்தான் நாயும் சொல்கிறது: ‘நான் மாற மாட்டேன்.’

இவற்றைவிட மனத்தைத் தொடுவது, ஓவியர் துரூவே தீட்டிய, பொம்பதூரின் கடைசி உருவப்படம். ஏழடிக்கும் சற்றுக் கூடுதலான உயரம். பூப்போட்ட பட்டாடையும் சரிகை போன்ற நுண்பின்னலுமாக, பூவேலைச் சட்டத்தின் முன் அமர்ந்திருக்கிறார் பொம்பதூர். பக்கத்தில் புத்தக அலமாரி, மாண்டலின். கறுப்பு நாய் ஒன்று முன்னங்கால்களைத் தூக்கி எழும்பி நிற்கிறது. பூஷேயின் படங்களில் காணும் பொம்மை அழகு இங்கே இல்லை. நாற்பதைத் தாண்டிய முகம். தாடைக்குக் கீழே சதை தெரிகிறது. கை வேலையில் இருக்க, கண்கள் நிதானமாக நம்மைப் பார்க்கின்றன. அவரை உள்ளபடி காட்டிய ஓவியர் துரூவேதான்.

முகத்தை மட்டும் 1763 ஏப்ரலில் தனித் துணியில் தீட்டி, பிறகு பெரிய துணியில் பொருத்தினார் துரூவே. ஓவியம் முடிந்தது 1764 மே மாதம். அதற்கு முந்தைய மாதம் 15ஆம் தேதி, 42 வயதில், பொம்பதூர் வெர்சாயில் இறந்துவிட்டார்.

1977 முதல் இவ்வோவியம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அங்கே போக வாய்ப்பவர்கள் கொஞ்சம் கிட்டே நின்று, தலையைச் சுற்றி இரு துணிகளும் சேரும் அந்த ஒட்டு ஓடுவதைக் கவனித்துப் பாருங்கள்.