ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்: சவுத் பிளேஸ் பற்றிச் சில குறிப்புகள்

லண்டனில் ரெட் லயன் சதுக்கத்தில் கான்வே ஹால் என்று ஒரு கட்டிடம் இருக்கிறது. 1929-ல் திறக்கப்பட்டது. அதன் பெரிய கூடத்தில் மேடைக்கு மேலே ஹாம்லெட் நாடகத்தின் ஒரு வரியைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். சர்ச்சாக இருந்தால் அந்த இடத்தில் வேதவசனம் இருந்திருக்கும். வசனத்தின் இடத்தில் நாடக வரி வந்து உட்கார்ந்தது தற்செயலான காரியம் அல்ல. இந்த மண்டபத்துக்குச் சொந்தமான சங்கம் ஒரு காலத்தில் சர்ச்சாக இருந்தது. சர்ச்சுக்கு உரியவற்றை ஒவ்வொன்றாகக் கைவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கூடுவது என்ற ஒன்றை மட்டும் கைவிடாமல் வைத்துக்கொண்டது. 200 ஆண்டுகளுக்கு மேல் நீளும் இந்தக் கைவிடுதலின் வரலாறு எனக்கு முக்கியமாகப் படுகிறது. காரணம் சொந்த விஷயம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கைவிடப்பட்டது நரகம். எல்ஹனன் வின்செஸ்டர் என்ற அமெரிக்கப் பிரசங்கி, பாவிகளுக்கும் தண்டனை ஒரு நாள் முடியும், நித்திய நரகம் என்பது அன்பான கடவுளுக்குப் பொருந்தாது என்று லண்டனில் பேசிக்கொண்டிருந்தார். அவரைக் கேட்க வந்தவர்கள் 1793-ல் பார்லிமெண்ட் கோர்ட் என்ற இடத்தில் ஒரு சேப்பலில் கூட ஆரம்பித்தார்கள். அவருக்குப் பின் வந்த வில்லியம் விட்லர் காலத்தில் திரித்துவக் கொள்கை போயிற்று. தர்க்கம் ஒரு படி இறங்கினால் அடுத்த படி தானாகவே காலுக்குக் கீழே வந்து நிற்கும் போலிருக்கிறது. ஆனால் ஒரு சபை மொத்தமாக இப்படி இறங்குவது அபூர்வம். தனி மனிதன் நம்பிக்கையை இழப்பது இலக்கியத்தில் நாம் நிறையப் பார்த்த விஷயம். அவன் இழந்துவிட்டு வெளியே போகிறான். போனபின் தனியாக இருக்கிறான். இங்கே இழந்தவர்கள் யாரும் வெளியே போகவில்லை. இழப்பை அடுத்த வாரம் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்கள்.

1817-ல் வில்லியம் ஜான்சன் ஃபாக்ஸ் பொறுப்புக்கு வந்தார். சிறுவயதில் நெசவு வேலை, பிறகு நார்விச் நகரத்துப் பாங்கு ஒன்றில் குமாஸ்தா வேலை, அங்கிருந்து இறையியல் கல்லூரி என்று வந்தவர். (பாங்கு குமாஸ்தா என்ற இடத்தில் நான் சற்று நின்று படித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.) 1824-ல் ஃபின்ஸ்பரியில் சவுத் பிளேஸ் சேப்பல் கட்டப்பட்டது. ஃபாக்ஸின் பிரசங்கம் மெல்ல மெல்லச் சொற்பொழிவாக மாறியது. தானியச் சட்டங்கள், கல்வி, பெண்களின் நிலை என்று பேசினார். ஹாரியட் டெய்லரும் அவர் கணவரும் இந்தச் சபையில் உறுப்பினர்கள். ஜான் ஸ்டூவர்ட் மில் அந்தப் பெண்மணியைச் சந்தித்தது ஃபாக்ஸ் மூலமாகத்தான். பெண் விடுதலை பற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிந்தனையின் ஒரு நூல் இந்தப் பெஞ்சுகளில் தொடங்குகிறது.

சபையின் முதல் கடுமையான சோதனை கொள்கையில் வரவில்லை, குடும்ப விஷயத்தில் வந்தது. ஃபாக்ஸுக்கும் மனைவிக்கும் பிணக்கு. எலைஸா ஃப்ளவர் என்ற இசை அறிந்த பெண்ணோடு அவருக்கு இருந்த நெருக்கம் பேச்சாயிற்று. 1834-ல் மனைவியே சபையிடம் முறையிட்டார். ஒரு பகுதியினர் வெளியேறினார்கள். பெரும்பான்மையோர் ஃபாக்ஸை விடவில்லை. லண்டன் யூனிடேரியன் குருமார்கள் அவரை ஒதுக்கிவைத்தார்கள். பெரும்பான்மையோர் செய்தது சரியா என்பது இன்றைக்கும் விவாதத்துக்கு உரியதுதான். கைவிடப்பட்ட மனைவியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த தாராள மனப்பான்மை வேறு மாதிரித் தெரியும். ஆனால் அன்றிலிருந்து மேலே ஒரு தலைமை, கீழே ஒரு சபை என்ற ஏற்பாடு அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. முடிவு எடுக்க வேண்டியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களே என்று ஆகிவிட்டது.

இதற்குள் ஒரு விசித்திரம். எலைஸாவின் தங்கை ஸாரா ஃப்ளவர் ஆடம்ஸ், ஃபாக்ஸ் 1841-ல் தொகுத்த பாடல் புத்தகத்துக்காக, கடவுளை நெருங்கிப் போக விழையும் ஒரு பாட்டு எழுதினார். அந்தப் பாட்டு உலகத்துக் கிறிஸ்தவ சபைகளிலெல்லாம் பரவியது. தமிழில் பெயர்க்கப்பட்டு நம் ஊர்ச் சபைகளிலும் பாடப்படுகிறது. பாடுகிறவர்கள் கடவுளை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, பாட்டை உண்டாக்கிய சபை கடவுளை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது.

விலகலை முழுமையாக்கியவர் மான்க்யூர் கான்வே. 1832-ல் வர்ஜீனியாவில் அடிமைகள் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். அடிமைமுறையை எதிர்த்துப் பேசியதோடு நிற்காமல், 1862-ல், உள்நாட்டுப் போரின் நடுவில், தன் தந்தையின் அடிமைகளை ஒஹையோவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குடியமர்த்தினார். 1864-ல் சவுத் பிளேஸுக்கு வந்தார். அவர் காலத்தில் ஜெபம் நின்றது. பைபிள் மட்டும் வாசிக்கப்பட்ட இடத்தில் இந்து, பௌத்த, பார்சி, சீன, இஸ்லாமிய நூல்களின் பகுதிகளும் வாசிக்கப்பட்டன. அதற்காகவே 1874-ல் ஒரு தொகுப்பு நூலும் வெளியிட்டார்.

இந்தக் கான்வே 1884 தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார். கீழைநாட்டு ஞானிகளைத் தேடி வந்த பிரயாணம். அடையாறில் பிளாவட்ஸ்கி அம்மையாரைக் கண்டு, மகாத்மாக்களின் கடிதங்கள் வந்து விழுவதாகச் சொல்லப்பட்ட அற்புதங்களைப் பற்றி நேராகவே கேட்டார். எல்லாம் ஒரு மயக்குதான் என்று அம்மையார் தனிமையில் தன்னிடம் சொன்னதாக 1906-ல் வெளியான பிரயாண நூலில் எழுதுகிறார். கான்வே வந்த அதே நாட்களில் சென்னை லௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' என்ற வாரப் பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார்கள். 1882 முதல் 1888 வரை அது வந்தது. பகுத்தறிவு இங்கே கப்பலில் இறங்கிய சரக்கு என்று நினைப்பவர்கள் அந்த இதழ்களைப் பார்க்க வேண்டும்.

அடையாறுக்கும் சவுத் பிளேஸுக்கும் இன்னொரு முடிச்சும் உண்டு. பாதிரியாரான கணவரை விட்டு 1873-ல் பிரிந்த அன்னி பெசன்ட், புகலிடம் போல வந்து கேட்ட இடங்களில் ஒன்று சவுத் பிளேஸ். பிராட்லாவின் பேச்சைப் போய்க் கேள் என்று அவரை அனுப்பியது கான்வேயின் மனைவி எலென். பெசன்ட் நாத்திக மேடையில் பதினைந்து வருஷம் நின்றார்; 1889-ல் பிரம்மஞான சபைக்குள் போனார்; 1933-ல் அடையாறில் காலமானார். கான்வே சந்தேகத்தோடு வந்து பார்த்துத் திரும்பிப் போன இடத்துக்கு, அவர் வீட்டு அம்மாள் வழிகாட்டிவிட்ட பெண் நம்பிக்கையோடு வந்து சேர்ந்தார். நம்பிக்கை இழந்தவர்களுக்கு ஒரே திசைதான் உண்டு என்று யாரும் சொல்ல முடியாது.

1888-ல் ஸ்டான்டன் காய்ட் வந்தபோது சவுத் பிளேஸ் நெறிச் சங்கம் என்று பெயர் மாறியது. காய்ட்டுக்குச் சடங்கு வேண்டியிருந்தது. கடவுள் இல்லாவிட்டாலும் வழிபாட்டின் அழகு வேண்டும், சர்ச்சின் உருவத்தை நெறிக்காக எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். சங்கத்தாருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. சில வருஷங்களில் பிரிந்தார். பிறகு 1909-ல் பேஸ்வாட்டரில் ஒரு பழைய சேப்பலை எடுத்து நெறிச் சர்ச் ஒன்றை நிறுவினார். சிலைகள், பிரசங்க மேடை எல்லாம் இருந்தன. அந்தக் கட்டிடம் 1950-களில் கத்தோலிக்கர் கைக்குப் போயிற்று. உருவத்தைக் காப்பாற்றியவரின் உருவம், உருவத்துக்கு உரியவர்களிடமே திரும்பிச் சேர்ந்தது. சவுத் பிளேஸ் நின்றது. காரணத்தை யோசிக்க வேண்டும்.

என் கணிப்பில் காரணங்கள் மிகச் சாதாரணமானவை. ஒன்று, சங்கீதம். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் காசு வாங்கிக்கொண்டு கேளிக்கையோ விவாதமோ நடத்தும் இடத்தை ஒழுங்கீனமான விடுதியாகக் கருத வேண்டும் என்று 1780-ல் போட்ட சட்டம் ஒன்று இங்கிலாந்தில் இருந்தது. சாமானிய மக்கள் நல்ல இசையைக் கேட்க ஞாயிறு மாலையை விட்டால் வேறு பொழுதும் கிடையாது. 1887 முதல் சவுத் பிளேஸ் தன் பொறுப்பில் ஞாயிறு கச்சேரிகளை நடத்தியது. ஆல்ஃப்ரட் க்ளெமென்ட்ஸ் என்பவர் 1938 வரை, ஐம்பது வருஷம், அதன் காரியதரிசி. தத்துவ வரலாறுகளில் இவர் பெயர் வராது. ஆனால் வித்வான்களுக்கு எழுதி, நாற்காலி போட்டு, கணக்கு எழுதி, மறு வாரமும் அதையே செய்கிற ஒரு மனிதன் இல்லாமல் எந்தக் கூட்டமும் ஐம்பது வருஷம் நடக்காது.

இன்னொன்று, ஒற்றைக் குருவை வைத்துக்கொள்வதை அவர்கள் விட்டது. கான்வே 1892-ல் திரும்பி வந்து 1897-ல் விலகியபின், ஒரே தலைவர் என்பதற்குப் பதிலாகப் பல சொற்பொழிவாளர்களை முறைவைத்துப் பேசச் செய்தார்கள். அவர்களில் ஒருவர் ஜே. ஏ. ஹாப்ஸன். மம்மரி என்பவரோடு சேர்ந்து 1889-ல் அவர் எழுதிய பொருளாதார நூல், அளவுக்கு மீறிய சேமிப்பு வேலையின்மையைக் கொண்டுவரும் என்று வாதிட்டது. அதற்காகவே லண்டன் பல்கலைக்கழக விரிவுரைகளில் அவருக்குப் பொருளாதாரம் பேச இடம் இல்லாமல் போயிற்று. பல்கலைக்கழகம் மூடிய வாயைச் சவுத் பிளேஸ் முப்பது வருஷங்களுக்கு மேல் திறந்து வைத்தது. 1902-ல் அவர் எழுதிய ஏகாதிபத்தியம் பற்றிய நூலை லெனின் பயன்படுத்திக்கொண்டார். 1889-ன் நூலுக்குக் கெய்ன்ஸ் 1936-ல் மரியாதை செய்தார். சேமிப்புக் கணக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்து பிழைப்பவன் என்ற முறையில் ஹாப்ஸனின் வாதத்தோடு எனக்குச் சில தகராறுகள் உண்டு. அது வேறு கட்டுரை.

ஆனால் கதவைத் திறந்து வைப்பதற்கு விலை உண்டு. மண்டபத்தைச் சட்டத்துக்கு உட்பட்ட எவருக்கும் வாடகைக்குக் கொடுப்பது சங்கத்தின் வழக்கம். 1974 ஜூன் 15 அன்று பெரிய கூடத்தை நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சி எடுத்திருந்தது. குடியேறியவர்களுக்கு எதிரான கூட்டம். காலனி ஆதிக்க எதிர்ப்பாளர்களான லிபரேஷன் அமைப்பினர் அதே கட்டிடத்தில் சிறிய அறையை எடுத்திருந்தார்கள். சதுக்கத்தில் எதிர்ப்பு ஊர்வலத்தினருக்கும் போலீஸுக்கும் கைகலப்பு. வார்விக் பல்கலைக்கழக மாணவர் கெவின் கேட்லி இறந்தார். வயது 20. ஸ்கார்மன் பிரபுவின் விசாரணை நடந்தது. விசாரணை எதைச் சொன்னாலும், கருத்துச் சுதந்திரம் என்று நாம் எளிதாக உச்சரிப்பதன் பக்கத்தில் அந்தப் பையனின் உடலையும் வைத்துத்தான் பேச வேண்டும். எல்லாருக்கும் கதவு திறந்திருக்கட்டும் என்பதை, அந்தக் கதவு வழியாக உள்ளே வருகிறவன் தன்னை நாட்டைவிட்டு விரட்டச் சொல்பவன் என்று அறிந்தவனிடம் போய்ச் சொல்லிப் பார்க்க வேண்டும். மண்டபத்துக்குச் சொந்தக்காரனின் சகிப்புத்தன்மை மலிவானது. அதற்கான விலையைப் பல சமயம் வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

1980-ல் இன்னொரு கேள்வி நீதிமன்றத்துக்குப் போயிற்று. இந்தச் சங்கம் ஒரு மதமா? நீதிபதி டில்லன், மதம் மனிதனுக்கும் கடவுளுக்கும் உள்ள உறவு பற்றியது, நெறி மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு பற்றியது என்று பிரித்து, இது மதம் அல்ல என்றார். ஆனால் கல்வியை வளர்ப்பதால் அறநிலையமாக ஏற்றுக்கொண்டார். 1793-ல் ஆரம்பித்த இறக்கம் சட்டப்படி இங்கே முடிந்தது. 2012-ல் சங்கம் தன் பெயரைக் கான்வே ஹால் நெறிச் சங்கம் என்று மாற்றிக்கொண்டது.

எல்லாவற்றையும் கைவிட்டபின் எஞ்சியது என்ன? பேச்சு முடிந்ததும் எழுந்து கேள்வி கேட்கும் உரிமை. பிரசங்கத்துக்கும் சொற்பொழிவுக்கும் உள்ள வித்தியாசம் பேசுகிறவரிடம் இல்லை. அவர் முடித்தபின் வரும் அந்த அரை மணி நேரத்தில் இருக்கிறது. அந்த அரை மணி நேரத்தை நம்பித்தான் அவர்கள் வாராவாரம் வந்திருக்கிறார்கள்.

இப்போது சொந்த விஷயம். எங்கள் ஊரில் ஒரு கடை மாடியில் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு நாங்கள் கூடிக்கொண்டிருந்தோம். பதினொரு பேர். நான்கு வருஷம் நடந்தது. கடவுள், சாதி, கவிதை எல்லாம் பேசினோம். ஒருமுறை ஒருவரைப் பேச அழைக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அழைக்கக் கூடாது என்று நான் சொன்னேன். அவருடைய கருத்துக்கள் இன்றைக்கும் எனக்கு அருவருப்பானவை. ஓட்டெடுத்தோம், என் பக்கம் ஒரு ஓட்டு அதிகம். அடுத்த மாதம் ஐந்து பேர் வந்தோம். அதற்கடுத்த மாதம் வாடகை கொடுக்கவில்லை.

நான் செய்தது தவறு என்று இதைப் படித்தபின் தோன்றவில்லை. ரெட் லயன் சதுக்கத்தை நினைத்தால் சரி என்றே படுகிறது. ஆனால் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டதற்குப் பதிலாக, வரட்டும், பேசி முடித்தபின் அரை மணி நேரம் எனக்கு வேண்டும் என்று ஏன் கேட்கவில்லை என்பது உறுத்துகிறது. எதிராளியின் பேச்சைக் கண்டு பயந்தேனா, என் கேள்வியில் எனக்கே நம்பிக்கை இல்லையா?

வட்டத்தின் பொருளாளர் நான்தான். மிச்சம் 340 ரூபாய் என் கிளையில் ஒரு சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கைச் செயலற்றது என்று குறிக்க வேண்டும். சென்ற மாதம் அந்தப் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. பெயரைப் பார்த்தேன். 10 ரூபாய் கட்டி வரவு வைத்தேன்.